காடு காக்க ஊர்ச் சங்கம்

மலையில் உள்ள காடு வயலுக்கும் சொந்தம். மரக்கிளையும் சருகும் மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கின்றன. வேர் ஓடிய மண் நீரைக் குடித்து, ஊற்றாகவும் ஓடையாகவும் மெல்ல விடுகிறது. மரம் போனால் மேல்மண் அரித்து, ஏரியும் வாய்க்காலும் தூர்ந்து போகும்.

இதனை அனுபவத்தில் அறிந்தவர்கள் இமயமலைச் சரிவில், இன்றைய உத்தரகாண்ட் மாநிலச் சாமோலி மாவட்டத்துச் சிறு விவசாயிகள். 1970 ஜூலையில் அலக்நந்தா ஆற்று வெள்ளம் அங்கே பெருஞ்சேதம் விளைவித்தது. அதன் வண்டல் சமவெளியில் மேல் கங்கைக் கால்வாயையும் அடைத்தது. மலையில் மரம் வெட்டியதே சேதத்தைப் பெருக்கியது என்று அம்மக்கள் உணர்ந்தனர்.

அங்குள்ள தசோலி கிராம சுயராஜ்ய சங்கம், சண்டி பிரசாத் பட் 1964இல் தொடங்கியது. விவசாயக் கருவிகள் செய்ய இச்சங்கம் ஆஷ் மரம் கேட்டது, கிடைக்கவில்லை. அதே மரம் விளையாட்டுப் பொருள் செய்யும் வெளியூர்க் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. 1973 ஏப்ரலில் மண்டல் கிராமத்தில் மக்கள் திரண்டு நிற்கவே, வெட்ட வந்தவர்கள் திரும்பினர். மரத்தைக் கட்டிக் கொள்வது என்ற பொருளில் இவ்வியக்கத்திற்குச் 'சிப்கோ' என்று பெயர் வந்தது.

1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்து ஆண்கள், நில நஷ்டஈடு வாங்கச் சாமோலிக்குச் சென்றிருந்தனர். அந்தச் சமயம் பார்த்துக் கான்டிராக்டரின் ஆட்கள் காட்டுக்குள் புகுந்தனர். மகளிர் மன்றத் தலைவி கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மறித்து நின்றனர். கோடாரிகள் திரும்பின. பின்னர் அரசு நிபுணர் குழு ஆராய்ந்தது. அப்பகுதியில் சுமார் 1,200 சதுர கிலோமீட்டரில் மரம் வெட்டுவது பத்தாண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது.

சங்கம் அத்துடன் நிற்கவில்லை. ஆண்டுதோறும் முகாம் நடத்தி, சரிவுகளில் கல் சுவர் எழுப்பி, தீவன மரமும் விறகு மரமும் நட்டது. எந்த மரம் வேண்டும் என்பதில் பெண்களின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. விறகும் புல்லும் சுமப்பவர்கள் அவர்களே அல்லவா?

ஒன்றை மறக்கலாகாது. மரங்கள் எல்லா வெள்ளத்தையும் தடுத்துவிடா. 2021 பிப்ரவரி 7 அன்று மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து, ரேணி அருகிலேயே பேரழிவு நேர்ந்தது. ஆனால் வழக்கமான மழையில் மண்ணைப் பிடித்து வைப்பது மரமே.

காட்டோரக் கிராமத்தார் செய்ய வேண்டியவை இவை: வீட்டுக்கு ஒருவர் வீதம் சங்கம் அமைத்து, பெண்களுக்குச் சம இடம் அளியுங்கள். முறை வைத்துக் காவல் இருங்கள். புதுக் கன்று உள்ள பகுதியில் ஆடு மாடு மேய்க்காமல், புல்லை அறுத்துக் கொண்டுவந்து போடுங்கள். விறகும் புல்லும் யாருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பங்குச் சண்டையே சங்கங்களைக் கலைக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உரிமைதாரர்களுக்கும் அவர்களின் கிராம சபைக்கும் காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரம் அளிக்கிறது. வனத்துறையைக் கலந்து, மழைக்கு முன்பே குழி எடுத்து வையுங்கள்.