நாவின் போக்கும் ஆலையின் நோக்கும்

ஒரு பொருளைச் செய்து விற்பவனுக்கு எசமானர் இருவர் உண்டு. ஒருவர், அவன் கை பழகிய முறை. மற்றொருவர், வாங்குவோரின் விருப்பம். முன்னவர் எளிதில் மாறார். பின்னவரோ மாறாமல் இரார். இவ்விருவருக்கும் இடையே நின்று ஒரு தொழில் எங்ஙனம் உயிர் வாழ்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்க விரும்புகிறேன். நான் எடுத்துக்கொண்ட உதாரணம், அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பீர் ஆலைகள். மாணவர்களுக்குரிய பேச்சில் மதுவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். குடிப்பதன் நன்மை தீமை இங்கே நம் பொருள் அன்று. தாவர இயலும் வேதியியலும் வாணிகமும் ஒரே கொப்பரையில் கொதிப்பதை இத்தொழிலில் தெளிவாகக் காணலாம். அதனாலேயே இதனைத் தேர்ந்தேன்.

முதலில், பீர் எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சுருங்கக் காண்போம். பார்லி என்னும் வாற்கோதுமையை நீரில் நனைத்து முளைக்கச் செய்து, பின்னர் உலர்த்துகிறார்கள். முளைக்கும் தானியத்தில் நொதிகள் தோன்றுகின்றன. அதனை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால், அந்நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிவிடும். அவ்வினிப்பு நீரை வடித்துக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களை இடுகிறார்கள். ஆறிய பின் ஈஸ்ட் சேர்க்க, அது சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. நீர், தானியம், ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகிய நான்கே பொருள்கள்!

இவற்றுள் ஹாப்ஸ் பூவுக்கே நம் கதையில் முதலிடம். அதன் இதழ்களுக்கிடையே மஞ்சள் நிறப் பொடி ஒன்று உண்டு. அப்பொடியிலுள்ள அமிலங்கள் நெடுநேரம் கொதித்தால் கசப்பைத் தரும். அதிலுள்ள எண்ணெய்களோ கொதித்தால் ஆவியாகப் போய்விடும். கடைசியில் இட்டாலோ, ஆறிய பீரில் ஊறவைத்தாலோதான் மணமாக நிற்கும். இரசத்தை இறக்கும் வேளையில் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுவது ஏன் என்று அறிந்த எவருக்கும் இது விளங்கும். ஒரே பூ, இடும் நேரத்தைப் பொறுத்துக் கசப்பாகவும் ஆகிறது, மணமாகவும் ஆகிறது. சுவை மாறும்போது ஆலை எவ்வாறு மாறுகிறது என்பதற்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீங்கிய பின், பீர்த் தொழில் படிப்படியாகச் சில பெரு நிறுவனங்களின் கையில் அடங்கியது. 1970களின் இறுதியில் அப்பெரிய நாட்டில் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. எங்கு வாங்கினும் ஏறக்குறைய ஒரே வெளிறிய நிறம், ஒரே மென்சுவை. 1978ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமொன்று, வீட்டில் தம் தேவைக்குப் பீர் காய்ச்சிக்கொள்வதற்கு வழிவிட்டது. அவ்வாறு வீட்டில் பழகிய கைகள்தாம் பின்னர்ச் சிற்றாலைகளைத் தோற்றுவித்தன.

கலிபோர்னியா மாநிலத்துச் சீக்கோ நகரில் கென் கிராஸ்மன் என்ற இளைஞர், வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான பொருள்களை விற்று வந்தார். அவரும் நண்பரொருவரும் சேர்ந்து, பால் பண்ணைகளில் கழித்துவிட்ட பாத்திரங்களை வாங்கி ஓர் ஆலை அமைத்தனர். சியரா நெவாடா என்னும் அவ்வாலையில் 1980 நவம்பரில் முதல் கொப்பரை ஏறியது. ‘பேல் ஏல்’ என்னும் பீரே அவர்கள் பெரிதும் நம்பிய சரக்கு. ஆயினும் நேற்றைய சுவையும் இன்றைய சுவையும் ஒத்து வராமையால், ஈடு ஈடாகக் கீழே ஊற்றினார்கள். சுவை நிலைபெற்ற பின்னரே அது கடைக்குச் சென்றது.

அப்பீருக்குத் தனி மணம் தந்தது காஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சியில் ஒரிகன் மாநிலத்தில் உருவாகி, 1972இல் உழவருக்கு வழங்கப்பட்டது அது. பம்பளிமாசு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் வாசனை அதற்கு உண்டு. மென்சுவைக்குப் பழகியிருந்த நாவுக்கு அது முதலில் முரடாகவே பட்டிருக்கும். பின்னர் அம்முரட்டுச் சுவையே நாட்டின் புதுச்சுவை ஆயிற்று.

இனி, ‘கைவினைப் பீர்’ என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். பெயரைக் கேட்டதும் சிறு குடிசைத் தொழில் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்கப் பீர் உற்பத்தியாளர் சங்கத்தின் இலக்கணப்படி, ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய் வரை காய்ச்சும் ஆலையும் கைவினை ஆலையே. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 117 லிட்டர். கணக்கிட்டால் 70 கோடி லிட்டர்! முன்னர் இவ்வெல்லை 20 இலட்சம் பீப்பாயாக இருந்தது. உறுப்பினர் வளர வளர இலக்கணமும் வளர்ந்தது.

வளர்ச்சியே ஒரு சங்கடத்தையும் உடன் கொண்டுவருகிறது. தெருமுனைச் சிற்றாலை வாரத்துக்கொரு பீர் காய்ச்சலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் வேறொன்று. பேராலைக்கு அது இயலாது. ஹாப்ஸ் பல்லாண்டு வாழும் கொடி. நட்டபின் முழுப் பலன் தர ஓரிரு ஆண்டுகள் ஆகும். அறுவடையோ ஆண்டுக்கு ஒரே முறை. ஆகவே, உழவரோடு பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். நாளை மறுநாள் மக்கள் எதை விரும்புவர் என்பதை இன்றே கணித்தாக வேண்டிய நிலை இது.

சியரா நெவாடா இதனை எவ்வாறு சமாளித்தது? 2000க்குப் பின் மக்களின் விருப்பம் ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் வகையை நோக்கித் திரும்பியது. ஆங்கில ஆட்சியின்போது கப்பலேற்றி நம் நாட்டுக்கு அனுப்பப்பட்ட, ஹாப்ஸ் மிகுந்த பீரின் பெயர் அது. மணம் இன்னும் மிகவேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். ஆலையினர் நீண்ட எஃகுக் குழலொன்றைச் செய்து, அதில் ஹாப்ஸ் பூக்களைத் திணித்து, ஆறிய பீரை அதனூடே சுற்றிவரச் செய்தனர். கொதிப்பில் இழக்கும் எண்ணெய், குளிர்ச்சியில் கரைந்து சேர்ந்தது. ‘டார்பீடோ’ என்று அக்கருவிக்குப் பெயர். அப்பெயரிலேயே 2009இல் புதிய பீர் வந்தது.

பின்னர் மற்றோர் அலை வந்தது. வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றாலைகளில் கலங்கலான பீர் ஒன்று புகழ் பெற்றது. கோதுமை, ஓட்ஸ் இவற்றின் புரதமும் ஹாப்ஸின் சத்தும் கலந்து, வடிகட்டாமல் விடப்பட்டு, பழச்சாறுபோல் தோன்றும் பீர் அது. தெளிவே பீருக்கு அழகு என்று கற்றவர்களுக்கு இது தோல்வியுற்ற ஈடாகவே தோன்றியிருக்கக்கூடும். ஆயினும் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சியரா நெவாடா 2018இல் ‘ஹேசி லிட்டில் திங்’ என்னும் கலங்கல் பீரை நாடெங்கும் விற்கத் தொடங்கியது. இங்கே நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்று. அவர்கள் பழைய பேல் ஏலைக் கலங்கலாக்கவில்லை. அது தன் இடத்தில் நின்றது. புதியது அதன் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

இத்தகைய ஆலைகளில் சுவை பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்றோர் உளர். மூன்று குவளைகளை வைப்பார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறுபட்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பழைய பீரில் தோன்றும் நனைந்த அட்டையின் வாடை, வெயில் பட்ட பீரின் துர்நாற்றம் ஆகியவற்றை அவர்கள் நுட்பமாக அறிவார்கள். ஆனால், இன்றைய சரக்கு நேற்றையதைப் போன்றதா என்பதைத்தான் அவர்கள் கூற முடியும். மக்களுக்குப் பிடிக்குமா என்பதைக் கூற முடியாது. அதற்குச் சிறு கொப்பரையில் புதியதைக் காய்ச்சி, ஆலையை அடுத்த விடுதியில் விற்றுப் பார்க்கிறார்கள். தவறினால் நட்டம் ஒரு சிறு கொப்பரையோடு போகும்.

இவ்வடக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பாஸ்டன் பீர் நிறுவனம் சான்று. 1984இல் ஜிம் குக் என்பவர் தொடங்கிய அந்நிறுவனம், ‘சாமுவேல் ஆடம்ஸ்’ என்னும் பீரால் புகழ்பெற்றது. 2016இல் ‘ட்ரூலி’ என்ற பெயரில், சர்க்கரையை நொதிக்கவைத்துப் பழமணம் சேர்த்த சோடா போன்ற மதுவை வெளியிட்டது. விற்பனை ஆண்டுக்காண்டு பெருகியது. அவ்வேகமே தொடரும் என்று கருதி 2021இல் பெருமளவு செய்து குவித்தார்கள். அவ்வாண்டின் நடுவில் வேகம் தணிந்தது. கெட்டுப்போன சரக்கை விற்பதைவிட அழிப்பதே மேல் என்று முடிவு செய்து, பல இலட்சம் பெட்டிகளை அழித்தார்கள். இழப்பு பத்துக் கோடி டாலருக்கு மேல். மக்களின் விருப்பத்தைக் கண்டுகொண்டதில் அவர்கள் பிழைக்கவில்லை. அவ்விருப்பம் ஓரிடத்தில் நிற்கும் என்பதை மறந்ததில் பிழைத்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆங்கர் ஆலையின் கதை வேறு. 1896இல் அப்பெயர் பெற்ற அவ்வாலை மூடப்படும் நிலையில் இருந்தபோது, 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்பவர் அதில் பங்கு வாங்கிக் காப்பாற்றினார். காஸ்கேட் ஹாப்ஸை 1975இலேயே பயன்படுத்திப் பிறருக்கு வழிகாட்டியதும் அவ்வாலையே. 2017இல் ஜப்பானின் சப்போரோ நிறுவனம் அதனை வாங்கியது. 2021இல், பல்லாண்டு பழகிய கைச்சித்திர லேபிள்களை நீக்கிப் புதியன ஒட்டினார்கள். பழைய அன்பர்கள் வருந்தினார்கள். புதியவர்கள் போதிய அளவில் வரவில்லை. தொற்றுநோய்க் காலத்து நட்டமும் சேர்ந்தது. 2023 சூலையில் மூடுவதாக அறிவிப்பு வந்தது; தொழிலாளர் வேலை இழந்தனர். மறு ஆண்டு வேறொருவர் அதனை வாங்கினார் என்பது உண்மையே. ஆனால், அறுந்த தொடர்ச்சியை விலை கொடுத்து வாங்க இயலாது.

இன்று இத்தொழிலுக்கு வந்திருக்கும் சோதனை இவை எல்லாவற்றினும் பெரிது. நூறுக்கும் குறைந்திருந்த ஆலைகள் ஒன்பதாயிரத்துக்கு மேல் பெருகிவிட்டன. 2024இல் திறக்கப்பட்டவற்றைவிட மூடப்பட்டவையே மிகுதி. மது அருந்துவோம் என்று கூறும் அமெரிக்கரின் தொகை 2025இல் எடுத்த காலப் கணிப்பில் நூற்றுக்கு 54 ஆகக் குறைந்தது. மக்கள் இப்பொழுது வேறொரு பீரைக் கேட்கவில்லை; பலர் மதுவையே வேண்டாம் என்கிறார்கள்.

இதற்கும் ஆலைகள் விடை தேடுகின்றன. சியரா நெவாடாவும் ஆல்கஹால் அற்ற பீர் வகைகளை விற்கிறது. இவ்வகைப் பீரை ஆக்குவதற்குப் பல வழிகள் உண்டு. காற்றழுத்தத்தைக் குறைத்துக் குறைந்த வெப்பத்தில் ஆல்கஹாலை ஆவியாக்கலாம். மெல்லிய சவ்வின் வழியே பிரிக்கலாம். சர்க்கரையைச் சிறிதே உண்ணும் ஈஸ்டைப் பயன்படுத்தலாம். எளிய வேலை அன்று. ஆல்கஹால் நீங்கினால் மணத்தைத் தாங்கும் பொருளும் நீங்கும். நுண்ணுயிர்களைத் தடுக்கும் காவலும் நீங்கும். ஆகவே அந்த ஹாப்ஸ் பூவையே மீண்டும் நாட வேண்டியிருக்கிறது. எப்பொழுது இட்டால் கசப்பு, எப்பொழுது இட்டால் மணம் என்று நாற்பதாண்டுகளாகக் கற்ற கல்வி, மதுவே இல்லாத பானத்துக்கும் கைகொடுக்கிறது.

ஓர் ஆலையின் உண்மையான முதல் அது விற்கும் பானம் அன்று, அதனை ஆக்குவதில் பெற்ற அறிவே என்று நான் கருதுவது இதனாலேதான். பானத்தை மக்கள் ஒருநாள் மறந்துவிடலாம். அறிவு கையில் இருக்குமாயின், அவர்கள் அடுத்து எதைக் கேட்டாலும் சிறு கொப்பரை ஒன்றை அடுப்பில் ஏற்றிப் பார்க்கலாம். சியரா நெவாடா ஆலை இன்றும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.