சிறு படகும் பெருங்கடலும்: கரையோடு அறுந்துபோகும் தொடர்பு

யாங்கூன் நகரின் மையப்பகுதியில், மேற்கு ஓரமாக அமைந்திருக்கிறது லான்மடாவ். சீனர் கடைத்தெருவின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. தெற்கே ஸ்ட்ராண்ட் சாலையைக் கடந்தால் யாங்கூன் ஆறு. ரங்கூன் என்று இந்நகர் அழைக்கப்பட்ட காலத்தில், தமிழகத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய பல்லாயிரம் தொழிலாளர்கள் வந்திறங்கியது இந்த ஆற்றங்கரையில்தான். இன்றும் பெரிய கப்பல்களுக்கு நடுவே, எதிர்க்கரையிலுள்ள டாலாவுக்கு மக்களை ஏற்றிச்செல்லும் சிறிய மரப் படகுகள் ஊடாடுவதைக் காணலாம்.

கடல் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், ஆற்றின் போக்கைத் தீர்மானிப்பது கடல்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 5 மீட்டருக்கும் மேல் மாறுகிறது. எந்த நேரத்தில் துறையை விட்டுப் புறப்படுவது, எந்த நேரத்தில் காத்திருப்பது என்பதைப் படகோட்டிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கின்றனர்.

ஆனால் 2008ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி மாலை, ஐராவதி வடிநிலத்தில் நர்கிஸ் புயல் கரையைக் கடந்தபோது அந்த அறிவு பயன்படவில்லை. மறுநாள் காலை புயல் யாங்கூனையும் தாக்கியது. துறைமுகத்தில் கப்பல்களும் படகுகளும் மூழ்கின. லபுட்டா, போகலே போன்ற வடிநில ஊர்களில் கடல்நீர் சுவர்போல எழுந்து உள்ளே புகுந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக சுமார் 1,38,000 பேர் என்று அதிகாரபூர்வக் கணக்கு தெரிவித்தது. மீனவர்களின் படகுகள் பல்லாயிரக்கணக்கில் அழிந்தன.

வங்கக் கடல் புயல்களைக் கணித்து அண்டை நாடுகளுக்கு அறிவிக்கும் பொறுப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையுடையது. புயல் எங்கே, எவ்வளவு வேகத்தில் கரையைக் கடக்கும் என்பதை 48 மணி நேரத்துக்கு முன்பே மியான்மர் அதிகாரிகளிடம் தெரிவித்துவிட்டதாக அது பின்னர் கூறியது. அரசு ஊடகங்களிலும் புயல் பற்றிய செய்தி வந்தது. ஆனால் கடல் எவ்வளவு உயரத்துக்கு எழும், எங்கே ஒதுங்க வேண்டும் என்ற செய்தி கழிமுகத்துக் கிராமங்களுக்கும் அங்கு கட்டப்பட்டிருந்த படகுகளுக்கும் போய்ச் சேரவில்லை.

சிறு படகில் கடலுக்குச் செல்வதன் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பெரும்பாலும் படகின் உறுதியும் இயந்திரத்தின் திறனுமே முதலில் பேசப்படுகின்றன. அவை முக்கியமானவையே. எனினும் கடந்த இருபது ஆண்டுகளில் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நேர்ந்த உயிரிழப்புகளைப் பார்த்தால், கரைக்கும் படகுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோவதே அவற்றில் பெரியவற்றுக்கு அடிப்படையாக இருந்திருக்கிறது. கரையின் செய்தி படகை எட்டுவதில்லை; படகின் நிலை கரைக்குத் தெரிவதில்லை.

காசிமேட்டிலிருந்து மியான்மர் வரை

2020ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கச் சென்ற ஒரு விசைப்படகு நடுக்கடலில் பழுதாகி நின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் தென்பகுதியில் நீரோட்டம் கிழக்கு நோக்கிச் செல்லும். ஐம்பது நாள்களுக்கும் மேலாக மிதந்த அப்படகு செப்டம்பரில் மியான்மர் கடற்பகுதியில் மீட்கப்பட்டது. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் பயணிகள் சீட்டு வாங்கிச் சென்ற அதே திசையில், எவரும் விரும்பாத ஒரு பயணம்.

அது சிறு படகன்று. பல பேர் தங்கி மீன்பிடிக்கக்கூடிய அளவுடையது. படகு உடையவில்லை, மூழ்கவுமில்லை. இயந்திரம் நின்றது, தொடர்பும் அற்றுப்போனது. அவ்வளவே போதுமானதாக இருந்தது. சுத்த நீரும் உணவும் ஓரிரு நாளைக்கு மேல் வைக்க இடமில்லாத ஒரு சிறு படகுக்கு இதே நிலை நேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒக்கி விட்டுச்சென்ற கேள்வி

2017ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் குமரிமுனைக்கு அருகே உருவான ஒக்கி புயல் இதைவிடக் கொடியது. 29ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் புயலாக வலுப்பெற்றிருந்தது. அந்த வேகத்துக்கு எச்சரிக்கை ஈடுகொடுக்கவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டிருந்தனர். இரவு முழுவதும் வலைவிரித்துக் காலையில் திரும்பும் வழக்கமுடைய வல்லங்களும் கடலில் இருந்தன. கரையில் ஒலிபெருக்கி முழங்கினாலும் அது எட்டக்கூடிய தொலைவில் அவர்கள் இல்லை.

கைபேசி அலை கரையிலிருந்து சில கடல்மைல்களுடன் முடிந்துவிடுகிறது. படகுகளில் பயன்படும் விஎச்எப் வானொலி, ஏறத்தாழ ஒன்றையொன்று நேர்க்கோட்டில் பார்க்கக்கூடிய தொலைவுக்குள்தான் பேசும். உயரமான கம்பத்தில் பொருத்தினால் எட்டும் தூரம் கூடும். ஆனால் வல்லத்தில் உட்கார்ந்து கையில் பிடித்துப் பேசும் கருவிக்கு அந்த உயரம் கிடைப்பதில்லை.

தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர் அல்லது திரும்பவில்லை. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிர, குஜராத் கரைகளிலும் ஒதுங்கின. இதைவிட வியப்பளித்த ஒன்று உண்டு. எத்தனை பேர் கடலில் இருந்தனர் என்ற எளிய கேள்விக்கு அரசிடம் பல நாள்களுக்கு உறுதியான பதில் இல்லை. பங்குத் தந்தையர் வீடு வீடாகச் சென்று தொகுத்த பட்டியல்களே நம்பத்தக்க கணக்காக இருந்தன. யார் போனார், எந்தத் திசையில் போனார், எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் கரையில் ஒருவர் எழுதி வைத்திருப்பது, ஒரு காகிதமும் பேனாவும் மட்டுமே தேவைப்படும் பாதுகாப்பு ஏற்பாடு.

உயிர் பிழைத்தவர்களில் சிலர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் மிதந்தவர்கள். படகு எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்வி இங்கேதான் உயிர் சம்பந்தப்பட்டதாகிறது.

கட்டுமரம் சொல்லும் பாடம்

கட்டுமரத்தில் தண்ணீர் நிற்பதில்லை. அலை மேலே ஏறி, இடைவெளிகளின் வழியே இறங்கிவிடும். மிதக்கும் மரத்துண்டுகளைக் கட்டியதே படகு என்பதால் அது கவிழலாமே தவிர மூழ்காது. கண்ணாடியிழைப் படகு, அதாவது மீனவர் பேச்சில் பைபர் படகு, இந்தக் குணத்தை இரவலாகப் பெற்றது: அணியத்திலும் பலகைகளுக்கு அடியிலும் நுரைப்பொருள் அடைக்கப்பட்டிருந்தால் தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகத்திலும் இலங்கையிலும் நன்கொடைப் பணத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட படகுகளில் பல தரக்குறைவானவையாக இருந்ததற்கு, வெளியே தெரியாத இந்த உள்வேலையைச் சிக்கனப்படுத்தியதும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

புலம்பெயர் நாடுகளில் தமிழர்கள் ஓய்வுநாள் மீன்பிடிப்புக்கு வாங்குவது பெரும்பாலும் அலுமினியப் படகு. ஆஸ்திரேலியாவில் இதற்கு 'டின்னி' என்று செல்லப்பெயர். எடை குறைவு, காரின் பின்னால் இழுத்துச் செல்லலாம், பாறையில் மோதினாலும் பெரும்பாலும் உடையாமல் நெளியும். ஆனால் அலுமினியம் நீரைவிடக் கிட்டத்தட்ட 2.7 மடங்கு அடர்த்தியானது. நுரை அடைத்த அறைகளோ காற்றுப் புகா அறைகளோ இல்லாத படகு தண்ணீர் நிறைந்தவுடன் நேராக அடியில் போய்விடும். எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் என்பதன்று. தண்ணீர் நிரம்பினால் இது மிதக்குமா, மிதந்தால் நிமிர்ந்து மிதக்குமா என்பதே.

எடைக் குறைவே மற்றோர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. காற்று எளிதாகத் தள்ளும். இரண்டு பேர் ஒரே பக்கம் எழுந்து நின்று மீனை இழுத்தால் படகு சாயும். படகின் அகலத்துக்கு ஒத்த உயரமுள்ள அலை பக்கவாட்டில் உடைந்தால் கவிழ்த்துவிடக்கூடும். சிறு படகுக்கு அது ஓர் ஆள் உயரம்கூட இல்லை. நங்கூரத்தைப் பின்புறத்தில் கட்டுவது ஏறக்குறைய தற்கொலைக்குச் சமம். இயந்திரத்தின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்புறத்தின் மேல் அலை ஏறிவிடும். நங்கூரக் கயிறு எப்போதும் அணியத்திலிருந்தே செல்ல வேண்டும்.

உப்புநீரில் அலுமினியம் அரிக்கப்படுவது பலர் அறியாத வகையில் நிகழ்கிறது. மக்னீசியம் கலந்த கடல்தர உலோகக் கலவை, தனியே இருக்கும்வரை நன்றாகத் தாங்கும். செம்பு, பித்தளை போன்ற வேற்று உலோகம் அதைத் தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். படகின் அடியில் விழுந்து எடுக்கப்படாமல் போன ஒரு செப்புக் காசோ ஈயக் குண்டோ காலப்போக்கில் துளையிட்டுவிட முடியும். செம்பு கலந்த பாசித்தடுப்பு வண்ணத்தை அலுமினியத்தில் பூசக்கூடாது என்பதும் இதனால்தான்.

முகத்துவாரம்

கடலில் எல்லாத் தொலைவும் ஒரே அளவு ஆபத்தானதன்று. ஆழ்கடலில் உருண்டு செல்லும் அலை, மணல்மேடு உள்ள முகத்துவாரத்தில் நிமிர்ந்து உடைகிறது. வற்றத்து நீர் எதிரே வெளியேறும்போது இன்னும் செங்குத்தாகிறது. குமரி மாவட்டம் தேங்காப்பட்டணம் துறைமுகத்தின் நுழைவாயிலிலும், கேரளத்தின் முதலப்பொழியிலும் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் இறப்பது தொடர்கதையாகி, அலைத்தடுப்புச் சுவர்களின் அமைப்பை மாற்றக் கோரிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. நாள்கணக்கில் ஆழ்கடலில் பிழைத்தவர் வீட்டு வாசலில் இறப்பது போன்றது இது. பழகாதவர் ஏற்றம் முடியும் நேரம் வரை வெளியே காத்திருப்பதே மேல். காத்திருக்க எரிபொருள் வேண்டும். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு கையிருப்பு என்ற பழைய கணக்கு அதற்காகத்தான்.

சட்டமும் கருவியும்

நார்வேயில் 2015ஆம் ஆண்டு முதல், 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது அதன் திறந்த பகுதியில் உள்ள அனைவரும் மிதவை அங்கி அணிந்திருப்பது கட்டாயம். படகில் வைத்திருந்தால் போதாது என்பதே சட்டத்தின் சாரம். காரணம் எளியது. குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அடுத்த பத்து நிமிடங்களுக்குள் கைவிரல்கள் செயலிழக்கத் தொடங்கும். அந்த நிலையில் அங்கியைத் தேடி எடுத்துக் கட்டுவது நடவாது. யாழ்ப்பாணத்துக் கடலில் நீந்திப் பழகியவர் என்பது நார்வேயிலோ கனடாவிலோ எந்த உறுதியையும் தராது.

ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் கரையிலிருந்து 2 கடல்மைலுக்கு அப்பால் செல்லும் படகு, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் கருவியைக் கொண்டிருக்க வேண்டும். இருக்கும் இடத்தைத் துல்லியமாகத் தெரிவிக்கும் அக்கருவிதான் தேடும் பரப்பைப் பல நூறு சதுர கிலோமீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் வட்டமாகச் சுருக்குகிறது.

இந்தியாவில் ஒக்கிக்குப் பிறகு வேலை நடக்காமல் இல்லை. வானிலைச் செய்தியைச் செயற்கைக்கோள் வழியே பெற்று மீனவரின் கைபேசிக்குத் தரும் ஜெமினி கருவி 2019இல் அறிமுகமானது. ஆனால் அது செய்தியைப் பெறுமே தவிரப் பதில் அனுப்பாது. அபாயச் செய்தி சென்று சேர்ந்ததை மீனவருக்குத் திரும்ப அறிவிக்கும் புதிய தலைமுறைக் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவி பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. கடலோரக் காவற்படையின் 1554 என்ற அவசர எண்ணும் உண்டு. கைபேசி அலை உள்ளவரை.

பெரிய விசைப்படகில் இத்தகைய கருவியைப் பொருத்துவது எளிது. அதில் மின்கலமும் மழை படாத அறையும் இருக்கின்றன. கயிற்றை இழுத்து இயந்திரத்தை இயக்கும் 25 அடி வல்லத்தில் மின்சாரமே கிடையாது. உப்புத் தண்ணீர் தெறிக்காத மூலையும் கிடையாது. கருவியை இலவசமாகக் கொடுத்தாலும், அதற்கு மின்னூட்டுவதும் கெட்டால் பழுதுபார்ப்பதும் யார் பொறுப்பு என்பதே மீன்வளத் துறை அலுவலகங்களில் மீனவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி.

நர்கிஸ் கடந்த ஐராவதி வடிநிலத்தில் நிலைமை இன்னும் பின்தங்கியது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இராணுவப் புரட்சிக்குப் பின் நாட்டின் பல பகுதிகளில் கைபேசித் தொடர்பும் இணையமும் அவ்வப்போது துண்டிக்கப்பட்டுள்ளன. புயலின் பாதையை இப்போது 2008ஐவிடத் துல்லியமாகக் கணிக்க முடிகிறது. 2023 மே மாதம் மோக்கா புயல் சிட்வே அருகே கரையைக் கடந்தபோது எச்சரிக்கை பல நாள்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. ஆனால் அச்செய்தி, கழிமுகத்துக் கால்வாய் ஒன்றில் மூங்கில் கழியில் கட்டப்பட்டிருக்கும் படகை எந்த வழியில் சென்றடையும் என்பதற்கு அங்கு இன்னும் ஓர் ஏற்பாடு உருவாகவில்லை.