இஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கணக்கு

மோட்டார் இஞ்சினைத் தம் கையாலேயே சீர்செய்யப் புகும் மாணவர் சிலர், திரையில் தோன்றும் சொற்களை ஒருவாறு ஊகித்துக்கொண்டு எண்களை மாற்றத் தொடங்கிவிடுகின்றனர். ஒரு சொல்லைப் பிறழக் கொண்டால் பிஸ்டனே பாழாகலாம். ஆதலின் அவற்றுட் சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பழைய கார்புரேட்டரில் காற்றின் ஓட்டமே பெட்ரோலை ஈர்த்தது. 1967ஆம் ஆண்டில் பாஷ் கம்பெனியார் வெளியிட்ட டி-ஜெட்ரானிக் முதலிய மின்னணு அமைப்புகளிலோ, உட்செல்லும் காற்றை முதலிற் கணித்து, அதற்குத் தக்கபடி இஞ்ஜெக்டர் திறக்கப்படுகிறது. அது திறந்திருக்கும் காலமே பல்ஸ் விட்த். நிமிஷத்திற்கு 6000 முறை சுழலும் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில், இரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்டே உண்டு. அதில் 17 திறந்திருப்பின், டியூட்டி சைக்கிள் நூற்றுக்கு 85 ஆம். அதற்குமேல் வேண்டுவோர் பெரிய இஞ்ஜெக்டரை நாடுதலே தக்கது. கட்டளை பிறந்த பின்னும் இஞ்ஜெக்டர் திறக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு வீணாகிறது. பாட்டரி தளர்ந்தால் இவ்வீண்காலம் நீளும்.

பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, எடையால் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்நிலையே லாம்ப்டா 1. அதற்குக் குறைந்தால் பெட்ரோல் மிகுந்த ரிச் கலவை, மிகுந்தால் லீன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.7 என்பது குறையுமாயினும், லாம்ப்டா 1 மாறாது. ஆகவே லாம்ப்டாவாற் பேசுதலே நமக்கு உவப்பு.

மயக்கம் மிகுவது ஃப்யூயல் ட்ரிம் என்பதிலேதான். நம் நண்பர் ஒருவர் திரையில் +12 எனக் கண்டு, பெட்ரோல் மிகையாயிற்றெனக் கருதிக் கணக்கு அட்டவணையில் 12 விழுக்காடு குறைத்துவிட்டார். உண்மை அதற்கு நேர்மாறு. ஆக்ஸிஜன் சென்சார் கலவையை லீன் எனக் காட்டியமையால், கணிப்பொறி 12 விழுக்காடு கூட்டி ஊட்டிக்கொண்டிருந்தது என்பதே அக்குறியின் பொருள். சமவெளியில் கணிப்பொறி இன்னுங் கூட்டி ஈடுசெய்தது. வண்டியும் செவ்வனே ஓடிற்று. மலையேற்றத்தில் பெடலை முழுதும் மிதித்தபோதுதான் கலகலவென நாக்கிங் ஒலி எழுந்தது. முழு விசையில், லாம்ப்டா 1-ஐ நாடும் அத்திருத்தத்தைப் பல அமைப்புகள் நிறுத்திவிடும்; அப்பொழுது அட்டவணையே ஆட்சி செய்யும். நல்வினையாக அவர் உடனே காலை எடுத்தார்.

வேறொரு சூதும் உண்டு. ஸ்பார்க் பிளக் தீப்பொறி தவறினால், எரியாத பெட்ரோலோடு பிராணவாயுவும் வெளியேறும். சென்சார் அறிவது பிராணவாயுவையே. ஆதலின் லீன் என்றே பொய்யுரைக்கும். அதனை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் மேலும் கரியேறும். ஆகையால் கூட்டற்குறி பெரிதாயின், அட்டவணையைத் தொடுமுன் பிளக்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் சோதிக்க. ஐடிலிங்கில் மிகுந்து, வேகங்கூடக் குறையுமாயின், இன்டேக் குழாயிற் காற்றுக் கசிவைத் தேடுக.