மேல்நோக்கி ஏறும் சளி

கண்ணுக்குக் கீழே, மேல்வரிசைப் பற்களுக்கு மேலே, கன்னத்து எலும்புக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெற்றறைகள் இருக்கின்றன. நெற்றியிலும் மூக்கின் வேரிலும் இன்னும் சில உண்டு, எல்லாமே சைனஸ்தான். விசித்திரம் கன்னத்து அறையில். சுமார் 15 மில்லி கொள்ளும் அதற்கு வடிகால் துளை தரையில் இல்லை. கூரையை ஒட்டி, மூக்கைப் பார்த்த சுவரில், சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. எந்தக் கொத்தனாரும் தண்ணீர்த் தொட்டிக்கு இப்படி வடிகால் வைக்கமாட்டார்.

உள்ளே சுரக்கும் சளி எப்படித்தான் வெளியேறுகிறது? அறையின் உட்சுவர் முழுக்க நுண்ணிழைகள் அடர்ந்திருக்கின்றன. நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஒரே திசையில் வீசி, தூசும் கிருமியும் ஒட்டிய சளிப் படலத்தைச் சுவர்வழியே மேலே ஏற்றித் துளையில் கொண்டுவிடுகின்றன. நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம்.

ஜலதோஷம் வந்தால் துளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி வழி அடைபடும். தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகினால் சீழ். ஆனால் நூறு ஜலதோஷத்தில் ஒன்றிரண்டுதான் இந்தக் கட்டத்துக்குப் போகும். மற்றவை வைரஸின் கைவரிசை, ஒரு வாரம் பத்து நாளில் தானே அடங்கும். அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வீண். சைனஸ் தொல்லை ஆண்டுக்கு நான்கு முறையாவது வந்து, இடையில் முழுக்கச் சரியானால் அது திரும்பத் திரும்ப வரும் தொற்று. 12 வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் நாள்பட்டது. இரண்டிலும் மாத்திரையை மாற்றுவதற்கு முன், சளி ஏன் வடியவில்லை என்று பார்ப்பதே முறை.

மருத்துவர்களுக்கே இது பிடிபட வெகுகாலம் ஆனது. 1893-இல் நியூயார்க்கின் ஜார்ஜ் கால்ட்வெல்லும் 1897-இல் பாரிஸின் ஆன்றி லூக்கும் தனித்தனியே ஓர் அறுவைச் சிகிச்சையை வகுத்தார்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பைக் குடைந்து, சவ்வைச் சுரண்டி எடுத்து, அறையின் அடியில் மூக்குக்குள் புதுவழி திறப்பது. எதுவும் பள்ளத்துக்குத்தானே ஓடும் என்ற கணக்கு. பல பத்தாண்டுகள் இதுவே வழக்கம். பலருக்கு மறுபடியும் சீழ் கட்டியது. பிறகு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்ட்டர் மெஸ்ஸர்கிளிங்கர் சளியின் போக்கைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தார். இறந்து சில மணி நேரமான உடலிலும் நுண்ணிழைகள் வீசிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குக் கைகொடுத்தது. அடியில் வெட்டிய பெரிய வழியைச் சளி ஏறிட்டும் பார்க்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு பழைய சிறு துளைக்கே ஏறிப் போனது. எனவே எண்டோஸ்கோப்பை மூக்குவழியே செலுத்தி, இயற்கைத் துளையையும் அதன் முன்னுள்ள நெருக்கமான இடத்தையும் மட்டும் சீராக்கும் முறை வந்தது. 1985-இல் அமெரிக்காவில் டேவிட் கென்னடி அதற்கு வைத்த பெயரின் சுருக்கம்தான் நம் ஊர் இ.என்.டி. மருத்துவர்கள் சொல்லும் ‘ஃபெஸ்’.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒவ்வாமை, அல்லது மூக்கில் சதை வளர்ச்சி. புகைபிடித்தால் இழைகள் முடங்கும். வளைந்த நடுத்தண்டின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் தண்டு வளைந்தும் தொல்லையே இல்லாதவர்கள் ஏராளம். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சீழ் வந்தால் பல்லைப் பார்க்க வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் சிலருக்கு சைனஸ் தரையையே தொட்டுக்கொண்டிருக்கும். அழுகிய வேரை விட்டுவிட்டு மூக்கில் எத்தனை மருந்து விட்டாலும் பயனில்லை. பிறவியிலேயே இழைகள் சரியாக வீசாதவர்களும் உண்டு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம்! கருவில் இடம் வலம் பிரிப்பதும் இதே வகை இழைகளின் வேலைதான்.

2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். நாக்கில் கசப்பை உணரும் ஏற்பி ஒன்று சைனஸ் சுவரிலும் இருக்கிறது. சில பாக்டீரியாக்கள் தமக்குள் சேதி சொல்லச் சுரக்கும் பொருளை அது மோப்பம் பிடித்து, செல்களை நைட்ரிக் ஆக்சைடு வெளிவிடச் செய்கிறது. கிருமி சாகிறது, இழைகள் வேகமெடுக்கின்றன. அந்த ஏற்பியின் மந்தமான வடிவத்தை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு இந்தப் பதிலடி பலவீனம்.

சைனஸில் கோளாறே இல்லாத ‘சைனஸ்காரர்’களும் உண்டு. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்து 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.

சிகிச்சையில் மலிவானது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. ஜலநேதி நமக்குப் புதிதல்ல. ஆனால் கொதித்து ஆறிய நீராக இருக்க வேண்டும். 2011-இல் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தார்கள். ஸ்டீராய்டு ஸ்பிரேயை வலக்கையால் இடது துவாரத்திலும் இடக்கையால் வலது துவாரத்திலும், முனை காதுப் பக்கம் சாய்ந்திருக்க அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். பலன் முழுதாகத் தெரியச் சில வாரம் ஆகும். இரண்டே நாளில் தூக்கிப் போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்வது நம் வழக்கம். உடனே மூக்கைத் திறக்கும் சொட்டுமருந்து நேரெதிர்: ஐந்து நாளைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும். ஆவி பிடித்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையானாலோ, கழுத்து விறைத்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கு அது 2021-இல் நாடே பார்த்த கருப்புப் பூஞ்சையாகவும் இருக்கலாம்.