"76-ல இதைவிட வெயில், தம்பி!"

லண்டனில் எங்கள் சொந்தக்காரர்கள் போன் எடுத்தால் முதல் ஐந்து நிமிடம் வானிலைதான். "காலமை வெயில், மத்தியானம் ஆலங்கட்டி மழை, இப்ப ஜக்கெற் போட்டுக்கொண்டு இருக்கிறன். உலகம் அழியப்போகுது போல" என்பார் ஒருவர். "இந்த நாடே இப்பிடித்தான். எப்ப இது ஒழுங்கா இருந்தது?" என்பார் இன்னொருவர்.

இந்த வழக்கில் நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் அந்த இரண்டாமவர் என் மாமா. அவருடைய சரியான அந்த ஒரு வாதம்தான் 2022 ஜூலையில் அவரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனது.

முதலில் அவர் சரியாகச் சொன்னதைப் பார்ப்போம். பிரித்தானியா இருக்கிற இடம் அப்படி. மேற்கே அத்திலாந்திக் சமுத்திரம், கிழக்கே ஐரோப்பாக் கண்டம், வடக்கே ஆர்க்டிக் குளிர், தெற்கே சகாராவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஏறி வரும் வெக்கை. இத்தனைக்கும் நடுவில் ஒரு தீவு. சுமார் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் ஜெற் காற்றோட்டம் கொஞ்சம் வடக்கே விலகினால் ஒரு காற்று, தெற்கே விலகினால் வேறொரு காற்று. ஏப்ரலில் ஸ்நோ கொட்டுவதும் ஒரே நாளில் நாலு உடுப்பு மாற்றுவதும் எங்கள் தாத்தாமார் பிறக்க முன்னரே இங்கே நடந்தவை. அதைப் பார்த்துவிட்டு "காலநிலை மாற்றம்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

எங்கள் பேச்சுவழக்கும் இதில் கொஞ்சம் குற்றவாளிதான். "இண்டைக்குக் காலநிலை சரியில்லை" என்று சொல்லிச் சொல்லியே வானிலையையும் காலநிலையையும் ஒன்றாக்கிவிட்டோம். இன்றைக்கு மழையா வெயிலா என்பது வானிலை. முப்பது வருடத்துக் கணக்கை எடுத்துக் கூட்டிப் பிரித்தால் வருவது காலநிலை.

மாமா 1974-இல் படிக்க வந்தவர். அவருக்கு 1976 கோடை ஒரு வீரக்கதை. அது உண்மையிலேயே பெரிய கோடைதான். ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை பதினைந்து நாள் தொடர்ந்து இங்கிலாந்தில் எங்கேயாவது ஓரிடத்தில் 32 பாகையைத் தொட்டது. தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, வரட்சிக்கென்றே டெனிஸ் ஹவல் என்பவரை அமைச்சராக்கினார்கள். அவர் பதவியேற்று சில நாளிலேயே மழை பிடித்துக்கொண்டதை மாமா இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்.

2022 ஜூலை நடுவில் வானிலை அவதான நிலையம் அதிதீவிர வெப்பத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டது. இந்த நாட்டு வரலாற்றில் அதுதான் முதல் தடவை. நான் போன் எடுத்தேன். "76-ல இதைவிட வெயில், தம்பி. யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவனுக்கு இதெல்லாம் என்ன?" என்றார்.

ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கொனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 பாகை. ஹீத்ரோவில் 40.2. 1976-இல் பதிவான ஆகக்கூடிய வெப்பம் 35.9. கிழக்கு லண்டன் ஓரத்தில் வென்னிங்டன் கிராமத்தில் வீடுகள் வரிசையாக எரிந்தன. அன்றைக்கு லண்டன் தீயணைப்புப் படைக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆகக் கூடிய வேலை.

மாமா படுப்பது வீட்டின் லொஃப்ட் அறையில். பேரப்பிள்ளைகளுக்குக் கீழே அறை வேண்டும் என்று அவரே கேட்டு ஏறிப்போன இடம். அன்று மத்தியானம் ஊர்ப் பழக்கத்தில் யன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்தார். ஊரில் அது சரி. தடித்த சுவர், ஓட்டுக் கூரை, விறாந்தை, வாசலில் வேம்பு. இங்கே குளிரை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டிய வீடு, கூரைக்குக் கீழே பஞ்சடைத்த அறை. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடாக இருக்கும்போது யன்னலைத் திறந்தால் போறணையின் கதவைத் திறந்த மாதிரி. போதாததற்கு அவர் போடும் பிறஷர் குளிசை சலத்தை வெளியேற்றுவது. வேர்வையும் சேர்ந்தால் உடம்பில் என்ன மிஞ்சும்?

ஆறு மணிபோல மாமி அழைத்தா. "மாமா கதைக்கிறது விளங்கேல்ல, தம்பி." நான் போனபோது சுவரோடு சாய்ந்து இருந்தார். என் பெயரைச் சொல்ல முடியவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துவாயால் கழுத்தையும் அக்குளையும் ஒற்றிக்கொண்டே இருந்தோம். இரண்டு இரவு ஆஸ்பத்திரி. திரும்பி வந்துவிட்டார். எல்லோரும் திரும்பவில்லை. அந்தக் கோடையின் ஐந்து வெப்ப அலைக் காலங்களில் இங்கிலாந்தில் 2,985 மேலதிக மரணங்கள் என்று சுகாதாரப் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. பெரும்பாலானவர்கள் வயதானவர்கள்.

மறுநாள் லண்டனில் பத்துப் பாகைக்கும் மேல் இறங்கியது. அந்தத் திடீர் இறக்கம் இந்த நாட்டு வழமைதான். இறங்கத் தொடங்கிய உயரம்தான் வழமை இல்லை. அந்த ஒரே நாளில் 46 வானிலை நிலையங்கள் நாட்டின் பழைய உச்சமான 38.7 பாகையை எட்டின, அல்லது தாண்டின. அந்த உச்சமும் மூன்று வருடத்துக்கு முன், 2019-இல் கேம்பிரிட்ஜில் பதிவானதுதான். மனிதர் வெளியேற்றிய வாயுக்கள் அந்த வெப்பத்துக்கான வாய்ப்பைக் குறைந்தது பத்து மடங்காக்கின என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். 1976-இல் ஐரோப்பாவின் மேற்குப் பகுதி கொதித்தபோது உலகின் பெரும்பகுதி குளிர்ந்துதான் இருந்தது. இப்போது உலகப் படத்தைப் பார்த்தால் குளிர்ந்த இடத்தைத் தேட வேண்டும்.

எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டவும் கூடாது. "முந்தி இவ்வளவு புயல் இல்லையே" என்கிறார்கள். 2015-இல்தான் இங்கே புயல்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். பெயர் வைத்தால் நினைவில் நிற்கும். காற்றின் வேகத்தைப் பொறுத்தவரை கடந்த சில பத்தாண்டுகளில் தெளிவான ஏற்றம் எதையும் பதிவுகள் காட்டவில்லை. மழை வேறு கதை. காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் ஏழு வீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒரேயடியாகக் கொட்டும்.

எங்கள் மூத்தவர்களிடம் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. ஊர் வெயில் பற்றிய ரோஷம் பெரிது. ஆனால் வெயிலைத் தாங்கும் பழக்கம் உடம்பில் சில வாரங்களில் வரும், சில வாரங்களில் போய்விடும். ஐம்பது வருடம் ஹீற்றர் போட்டு வாழ்ந்த உடம்பில் யாழ்ப்பாண வெயிலின் ஞாபகம்தான் மிச்சம், பழக்கம் இல்லை. வெக்கை நாட்களில் பகலில் திரையை மூடி, இரவில் யன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். குளிசையைத் தாங்களாக நிறுத்த விடாதீர்கள். கோடைக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு வையுங்கள். முடிந்தால் லொஃப்டிலிருந்து கீழே இறக்குங்கள்.

மாமாவை நாங்கள் முன்னறைக்கு இறக்கிவிட்டோம். 2025 கோடை முடிந்ததும் ஒரு செய்தி வந்தது: இந்த நாட்டில் பதிவான ஆகச் சூடான கோடை அதுதான், சராசரி 16.1 பாகை. முதல் ஐந்து இடமும் 2000-க்குப் பிந்தைய கோடைகளுக்கே போய்விட்டன. 1976 பட்டியலை விட்டே இறங்கிவிட்டது. போனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"அப்ப ஏப்ரல்ல ஸ்நோ கொட்டுறது?"

"அது வழமைதான், மாமா."

"பாத்தியே! அதைத்தானே நான் அப்பவே சொன்னனான்" என்றார். பிறகு மாமியிடம், முன்னறைத் திரையை இழுத்துவிடச் சொல்லும் குரல் கேட்டது.