கட்டணம் இல்லாமல் கல்லூரிப் பாடம்
வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்களில், படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பலர். மாலைக் கல்லூரியில் சேரலாம் என்றால் ஷிப்டு வேலை இடம் கொடுக்காது. கட்டணமும் கையைக் கடிக்கும்.

அவர்களுக்கும் இன்று ஒரு வழி இருக்கிறது. செல்போனும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தைக் காசு கொடுக்காமல் கேட்கலாம்.

எங்கே கிடைக்கிறது?

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ம் ஆண்டு தொடங்கிய திட்டம், என்.பி.டி.இ.எல். 2017-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி மத்திய அரசின் "ஸ்வயம்" தளம் வந்தது. என்.பி.டி.இ.எல். பாடங்களுடன் வணிகவியல், நிர்வாகம், மொழி என்று பிற பாடங்களும் அதில் உள்ளன. வயது வரம்பு இல்லை.

பாடம் 4, 8 அல்லது 12 வாரம் நடக்கும். என்.பி.டி.இ.எல்.லில் 12 வாரப் பாடம் என்றால் விரிவுரை சுமார் 30 மணி நேரம். அதாவது, வாரத்துக்கு இரண்டரை மணி. வாரந்தோறும் வீட்டுப்பாடமும் உண்டு.

ஆங்கிலம் தடையா?

தமிழில் படித்து வந்தவருக்கு முதல் சிக்கல் மொழிதான். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பேராசிரியரின் வேகத்துக்குக் காது பழகும் முன்பே மனம் சோர்ந்துவிடும்.

இதற்கும் வழி உண்டு. என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் பல, எழுத்து வடிவில் கிடைக்கின்றன. சில பாடங்களுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. முதலில் அதை வாசித்து, புரியாத சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு விரிவுரையைக் கேட்டால் பாதிச் சுமை குறையும். "இக்னோ" திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாட நூல்களும் "இ-ஞானகோஷ்" தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகவியல் படிக்க நினைக்கும் குமாஸ்தாக்களுக்கு அவை கைகொடுக்கும்.

பணம் எதற்கு?

படிக்கப் பணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம். தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல்.லில் வீட்டுப்பாடத்துக்கு 25 மார்க், தேர்வுக்கு 75 மார்க். முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் எடுத்தால் சான்றிதழ்.

ஏமாற வேண்டாம்

அந்தச் சான்றிதழ் பட்டம் ஆகாது. கல்லூரியில் முறைப்படி சேர்ந்தவர்கள், அந்தக் கல்லூரி ஒப்புக்கொண்டால், மதிப்பெண் கணக்கில் ஒரு பகுதியாக அதைச் சேர்க்கலாம். அவ்வளவுதான். "ஆன்லைனில் படித்தாலே டிகிரி, நான் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், வியர்வை சிந்திச் சம்பாதித்த காசை அவரிடம் கொடுத்துவிடக் கூடாது. பெயரைப் பதிவு செய்ய எந்தத் தரகரும் தேவை இல்லை.

தொடங்குகிறவர்கள் ஒரே ஒரு பாடத்தை, அதுவும் தங்கள் வேலைக்கு உதவும் பாடத்தை எடுப்பது நல்லது. நான்கு பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டு நடுவில் விடுவதைவிட, ஒன்றை முடிப்பது மேல்.