சந்தா கட்டச் சொல்லி ஒரு குரல்

திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ்.வாசன், பத்திரிகை அதிபர் ஆவதற்கு முன் விளம்பரம் சேகரித்தும் தபால் வழியே பொருள் விற்றும் பிழைத்தவர். 1928இல் ஆனந்த விகடனை அவர் வாங்கிய விலை 200 ரூபாய். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டார் என்பது பத்திரிகை உலகில் இன்றும் சுற்றி வரும் கதை. பிறகு பரிசுத் தொகையோடு குறுக்கெழுத்துப் போட்டி வைத்து விற்பனையை ஏற்றினார். வாசகரை வலைபோட்டுப் பிடிக்கும் வித்தை காவிரிக் கரைக்குப் புதிதல்ல.

அதே விகடன் குழுமம் 2007இல் ‘மோட்டார் விகடன்’ மாத இதழைத் தொடங்கியது. அதற்கு முன், வண்டியைப் பற்றி விவரமாகப் படிக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் 1990களின் கடைசியில் வந்த ‘ஓவர்டிரைவ்’, ‘ஆட்டோகார் இந்தியா’ போன்ற ஆங்கில இதழ்களைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. பட்டறை மேஸ்திரிக்கும், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவருக்கும், சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் கணக்கில் ஏறிய பணத்தோடு ‘இந்த வருஷமாவது ஒரு கார்’ என்று நினைப்பவருக்கும் தமிழில் ஓர் இதழ் கிடைத்தது பெரிய காரியம்.

யூடியூப்பில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, விளம்பரமும் விமர்சனமும் கலந்தே கிடைக்கிறது. கம்பெனி சொல்லும் மைலேஜ் சோதனைக்கூடக் கணக்கு. வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்து எழுதும் இதழில்தான் நம் ஊர் ரோட்டுக்கு நெருக்கமான எண் இருக்கும். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் எந்தக் காருக்கு எத்தனை நட்சத்திரம் என்பதையும் நாலு வண்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அச்சுப் பக்கம் வசதி.

கடையில் வாங்கலாமே என்றால், தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் கிடைப்பது போல வேதாரண்யத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் கிடைக்காது. சந்தா கட்டினால் தபால்காரர் கொண்டுவந்து தருவார். பதிவு பெற்ற பத்திரிகைகளுக்கு அஞ்சல் துறை நெடுங்காலமாகச் சலுகைக் கட்டணம் தந்துவந்ததால்தான், மணியார்டர் அனுப்பிப் பத்திரிகை வரவழைக்கும் பழக்கம் ஓட்டு வீட்டுத் திண்ணை வரைக்கும் பரவியது. அந்தச் சந்தாவுக்கு ஒரு குணம் உண்டு: கேட்பவர் வாசகர், கொடுப்பவர் பத்திரிகை.

செல்போன் அதைத் திருப்பிப் போட்டது.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவுக்கு ஒரு படிவம், பொருட்காட்சியில் குலுக்கல் சீட்டு, பெட்ரோல் பங்கில் பரிசுக் கூப்பன். எண்ணைக் கொடுக்க இத்தனை இடம் இருக்கிறது. பொடி எழுத்தில் ‘தொடர்புகொள்ளச் சம்மதம்’ என்று ஒரு வரி இருந்தால், அது அழைப்புத் தடைப் பட்டியலையும் தாண்டிச் செல்லும். அப்புறம் நாற்று நடவு நேரத்தில் போன் அடிக்கும்.

“சார், மூணு வருஷச் சந்தாவுக்கு டிராலி பேக் இலவசம், இன்னிக்கு ஒரு நாள்தான்.”

“வேணாம் தம்பி, வயல்ல நிக்கிறேன்.”

“கார்டு நம்பர் மட்டும் சொல்லுங்க சார், ரெண்டே நிமிஷம்.”

அமெரிக்காவில் இது எந்த எல்லைக்குப் போகும் என்று பார்த்துவிட்டார்கள். 2020இல் மினசோட்டாவில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த பத்திரிகைச் சந்தா மோசடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 60 பேர். சுருட்டியது 30 கோடி டாலருக்கு மேல். ஏமாந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம், அதில் பெரும்பாலோர் முதியவர்கள். உத்தி எளியது. “உங்கள் பழைய சந்தாவின் மாதத் தவணையைக் குறைக்கிறோம்” என்று பேசி, புதுச் சந்தாவை அவர்கள் தலையில் கட்டினார்கள். பழைய சந்தா என்ற ஒன்றே அந்தக் கம்பெனியிடம் இருக்கவில்லை. தஞ்சையில் யாராவது “உங்க சந்தா முடியுது” என்று அழைத்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான். சந்தா எப்போது முடிகிறது என்று இதழ் வரும் உறையின் முகவரிச் சீட்டிலேயே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். பார்த்துவிட்டு, இதழில் போட்டிருக்கும் எண்ணுக்கு நாமே பேசினால் போகிறது.

இந்தியச் சட்டமும் சும்மா இல்லை. பதிவு பெற்ற விளம்பர நிறுவனங்கள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணில் வந்தால் அதுவே விதிமீறல். 1909க்கு ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினால் எல்லா விளம்பர அழைப்புக்கும் தடை பதிவாகும். வாகனச் செய்தி மட்டும் வரட்டும் என்றால் அப்படியும் வகை பிரிக்கலாம். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியது: தடைப் பட்டியலில் பெயர் இல்லாதவரும், பதிவு பெறாத எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே அந்த எண்ணின் மீது நடவடிக்கை பாயும். முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் வேண்டியிருந்தது. ஆகவே திட்டிவிட்டு போனை வைப்பதைவிட, எண்ணையும் தேதியையும் 1909க்கு அனுப்புவது அதிகம் பலிக்கும்.

வாயால் ‘சரி’ சொல்லிவிட்டவர் கவனிக்க வேண்டியது தானியங்கிப் புதுப்பிப்பு. டிஜிட்டல் இதழ்களில் இது சகஜம். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் திரும்பத் திரும்பப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே தகவல் வர வேண்டும்; அந்தச் செய்தியைப் பார்த்து வங்கிச் செயலியிலோ யூ.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியிலோ நிறுத்திவிடலாம். சேர்வதைச் சுலபமாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் ‘சந்தாப் பொறி’யை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த வணிகத் தந்திரங்களில் சேர்த்திருக்கிறது. புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. ஓ.டி.பி. சொல்லிப் பணமே போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930, அதுவும் உடனே.

புகாருக்கும் மசியாத நிறுவனத்தின் மீது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை.